கதைதானே, விடமாட்டீர்களா? அறிவியல் புனைகதைப் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் அறிவியல் புனைகதை வாசிக்கிற நாங்கள் சிலர் அவ்வப்போது ஜோர்ஜ்டவுனில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) கூடுவது வழக்கம். தலைப்பு பொருந்தவில்லை, கணக்கு உதைக்கிறது, நிலா தப்பாக வளைந்திருக்கிறது என்று அங்கே நொட்டை சொல்கிற ஆள் நான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதைகளின் முடிவுகள் சில வெளியே வந்துவிடும், மன்னிக்கவும்.

கதைதானே, இதில் எதற்கு இவ்வளவு நொட்டை?

பறக்கும் கம்பளக் கதையில் நான் பெட்ரோல் கணக்குக் கேட்பதில்லை. அறிவியல் புனைகதை அப்படியல்ல. 'இது நடக்கக்கூடியது' என்று தானே சொல்லிக்கொண்டு வருகிறது. கிலோமீட்டர், டிகிரி, ஆண்டு என்று எண்களை அள்ளி விடுகிறது. எண்ணைச் சொன்னால் கூட்டிப் பார்க்கத்தான் செய்வோம்.

நமக்கு இது புதிதும் இல்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று சிவபெருமானிடமே நக்கீரர் வாதாடிய கதையில், அவர் சொன்னது சொற்குற்றம் அல்ல, பொருட்குற்றம். அதாவது தகவல் பிழை. அந்தப் பாட்டு இன்றைக்கும் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாகக் கம்பீரமாக நிற்கிறது. குற்றம் சொன்னதால் பாட்டு செத்துவிடவில்லை.

ஜூல் வெர்னின் 'கடலுக்கடியில் 20,000 லீக்' என்ற தலைப்பே தப்பு, அவ்வளவு ஆழமான கடலே கிடையாது என்கிறார்களே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் புத்தகத்தைத் திறக்காதவர்கள். 1870-இல் வந்த அந்த நாவலில் 20,000 லீக் என்பது ஆழம் அல்ல, நீர்மூழ்கி கடலுக்கடியிலேயே ஓடிய தூரம். வெர்ன் கணக்கில் ஒரு லீக் 4 கி.மீ.; ஆக மொத்தம் 80,000 கி.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால், இரண்டு முறை உலகைச் சுற்றிய தூரம். அதையே ஆழமாக எடுத்துக்கொண்டால், பூமியின் விட்டமே 12,742 கி.மீ.தான், கப்பல் மறுபக்கம் வெளியே வந்து வானத்தில் போய்க்கொண்டிருக்கும்.

உண்மையான பிழை தலைப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஓரிடத்தில் கேப்டன் நெமோ தென் அட்லாண்டிக்கில் கப்பலை 16,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார். இன்று நமக்குத் தெரிந்த மிக ஆழமான இடம் பசிபிக்கின் மரியானா அகழி. அதுவே 11,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இதை வெர்னின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. உலகக் கடல்களை முறையாக அளக்கப் புறப்பட்ட 'சேலஞ்சர்' கப்பல் கிளம்பியதே 1872-இல்தான். அவர் எழுதியபோது பார்த்துச் சரி செய்துகொள்ள அப்படியொரு அளவே இல்லை.

அவருடைய மற்ற தலைப்புகள்?

அங்கே கொஞ்சம் மாட்டுவார். பூமியின் மையத்துக்குப் பயணம் என்ற தலைப்பில் 1864-இல் ஒரு நாவல். யாரும் மையத்துக்குப் போய்ச் சேரவில்லை. மையம் 6,371 கி.மீ. கீழே இருக்கிறது, மனிதர்கள் இதுவரை ஆழமாகத் துளைத்த கோலா துளையே 12 கி.மீ. சொச்சம்தான். பூமியிலிருந்து நிலாவுக்கு என்று அடுத்த ஆண்டு ஒன்று. அதிலும் யாரும் நிலாவில் இறங்குவதில்லை. முதல் புத்தகம் முடியும்போது ஆட்கள் நிலாவைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், மிச்சம் அடுத்த புத்தகத்தில். பயணம் கிளம்பியது உண்மை, போய்ச் சேர்ந்ததாகத் தலைப்பு சொல்லவில்லை என்று ஒரு வக்கீல் வாதாடலாம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பீரங்கி. சுமார் 270 மீட்டர் நீளக் குழாய்க்குள் பூமியை விட்டுத் தப்பும் வேகத்தை, அதாவது வினாடிக்கு 11.2 கி.மீ.யை, எட்டவேண்டும் என்றால் உள்ளே இருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல 20,000 மடங்குக்கு மேல் விசை விழும். தண்ணீர் மெத்தை வைத்தாராம். மெத்தைக்கு மேலே கூழ்தான் மிஞ்சியிருக்கும்.

'ஜுராசிக் பார்க்'கில் ஜுராசிக் விலங்கே இல்லையாமே?

இருக்கிறது. பிராக்கியோசாரஸும் டைலோபோசாரஸும் ஜுராசிக் காலத்தவைதான். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துகிற டி-ரெக்ஸ், வெலோசிராப்டர், டிரைசெராடாப்ஸ் எல்லாம் அதற்குப் பிந்தைய கிரெட்டேசியஸ் காலம். ஜுராசிக் முடிந்தது 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன். டி-ரெக்ஸ் வாழ்ந்தது 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஸ்டெகோசாரஸுக்கும் டி-ரெக்ஸுக்கும் இடையில் உள்ள காலத்தைவிட டி-ரெக்ஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குறைவு.

இருந்தாலும் தலைப்பை நான் விட்டுவிடுவேன். கதைக்குள் அது ஒரு முதலாளி தன் பூங்காவுக்கு வைத்த பெயர். டிக்கெட் விற்கிறவர் காதுக்கு நன்றாக இருக்கிற பெயரைத்தான் வைப்பார், காலவரிசையைப் பார்க்கமாட்டார். கதாபாத்திரத்தின் தவறு எழுத்தாளரின் தவறாகாது. நொட்டை சொல்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளவேண்டிய வித்தியாசம் இது.

விடமுடியாதவை வேறு. வெலோசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவுதான் இருக்கும். இறகும் உண்டு, முன்கை எலும்பில் இறகு பதிந்த தடங்களை 2007-இல் கண்டார்கள். படத்தில் வருவது அதன் உறவினரான டைனோனிகஸின் அளவு. அப்புறம் டிஎன்ஏ. நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவை எலும்புகளை வைத்து 2012-இல் செய்த ஆய்வில், அந்தச் சூழலில் டிஎன்ஏ பிணைப்புகள் 521 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகச் சிதையும் என்று கணக்கிட்டார்கள். இதுவரை மீட்ட மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்து மண்ணிலிருந்து, சுமார் 20 லட்சம் ஆண்டு பழையது. 6.6 கோடிக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் நாவல் வந்தது 1990-இல். இந்த இரண்டு செய்தியும் அதற்குப் பிறகு வந்தவை. வழக்கு தள்ளுபடி.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லையா?

இல்லை, அதை உருவாக்கியவனின் பெயர். அவன் டாக்டரும் இல்லை, கல்லூரி மாணவன். மின்னல் விழுந்து பூதம் எழுவதும் சினிமா சேர்த்தது. 1818 நாவலில் அது எப்படி உயிர்பெற்றது என்பதை மேரி ஷெல்லி மழுப்பிவிடுகிறார். கெட்டிக்காரர். சொல்லாத விவரத்தில் யார் குறை காணமுடியும்?

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவல் தலைப்பு சொல்வதுபோல, 451 டிகிரி ஃபாரன்ஹீட்டில் காகிதம் தானாகத் தீப்பிடிக்குமா?

ஏறத்தாழ. செல்சியஸில் அது 233. ஆனால் காகிதத்தின் வகை, தடிமன், எவ்வளவு நேரம் சூடேறுகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஒரே ஓர் எண் கிடையாது. தலைப்பில் 'சுமார் 420 முதல் 480 வரை' என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

விண்வெளியில்தான் புவியீர்ப்பே இல்லையே, அப்புறம் எப்படி 'கிராவிட்டி' என்று ஒரு படம்?

இங்கே தலைப்பு சரி, கேள்விதான் தவறு. அனைத்துலக விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு காரில் வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். 2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர், நம் ஷேக் முஸாபர், சோயுஸ் விண்கலம் ஏறி அங்கே போய் மிதந்தார் என்றால், அது புவியீர்ப்பு இல்லாததால் அல்ல. நிலையமும் அவரும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறார்கள்.

அந்த 2013 படத்தின் ஓட்டை வேறிடத்தில். ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து விண்வெளி நிலையத்துக்குச் சின்ன உந்துபையை வைத்துத் தாவிப் போகிறார்கள். ஹப்பிளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்வு, நிலையத்துக்கு 51.6 டிகிரி. உயரமும் வேறு. சாய்வை மாற்றுவது விண்வெளியில் மிகச் செலவான காரியம். இதற்கு மட்டும் வினாடிக்கு 3 கி.மீ. வேகமாற்றம் வேண்டும். முதுகில் மாட்டிய பையில் அவ்வளவு எரிபொருள் பிடிக்காது. 2009-இல் ஏவிய நம் ராசாக்சாட் செயற்கைக்கோள் வெறும் 9 டிகிரி சாய்வில், நம் தலைக்கு மேலேயே அடிக்கடி வந்து போகும்படி அனுப்பப்பட்டது. எந்தப் பாதையில் விட்டோமோ அங்கேதான் சுற்றும். அடுத்த தெருவுக்குத் திருப்ப ஸ்டியரிங் கிடையாது.

நம் தமிழ்க் கதைகளில் அதிகம் பார்க்கும் பிழை?

ஒளியாண்டு. 'பல ஒளியாண்டுகளுக்கு முன்பு ஒரு நாகரிகம்' என்று ஒரு கதை தொடங்கினால் நான் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவேன். அது காலம் அல்ல, தூரம்: 9.46 லட்சம் கோடி கி.மீ. பெரிய கைகளும் இதில் வழுக்கியதுண்டு. 1977 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் தன் கப்பலின் வேகத்தைப் பீற்றிக்கொள்ளும் ஹான் சோலோ, 12 பார்செக்குக்குள் போனதாகச் சொல்வார். பார்செக்கும் தூரம்தான், 3.26 ஒளியாண்டு. 2018-இல் இன்னொரு படம் எடுத்து, அது குறுக்குவழியைப் பற்றிய பெருமை என்று ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு தெரிகிறது.

இரண்டாவது இடம், சூரியக் குடும்பத்தையும் பால்வீதியையும் பிரபஞ்சத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. 'வேறு பால்வீதிக்கு' இரண்டு மாதத்தில் போய் வருகிற நாயகனுக்கு ஒரு தகவல்: நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனுக்கே, வாயேஜர் 1 போகிற வேகத்தில் போனால் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும்.

தமிழ்ப் படங்கள்?

இரண்டைச் சொல்கிறேன். '7ஆம் அறிவு' (2011) போதிதர்மரின் திறமைகளை அவர் வம்சத்தில் வந்த ஒருவனின் டிஎன்ஏவிலிருந்து தட்டி எழுப்புகிறது. குங்ஃபூவும் மருத்துவமும் டிஎன்ஏவில் பதிவதில்லை, அது போகட்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தாலும் இடையில் 60 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் கழிவதால், அவ்வளவு பழைய மூதாதை ஒருவரின் டிஎன்ஏ துணுக்குகூட நம்மிடம் இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

'தசாவதாரம்' (2008) கிருமியை உப்பு கொல்லும், சுனாமி நீர் அதை முடித்துவைக்கும் என்கிறது. கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் சராசரியாக ஒரு கோடி வைரஸ் இருக்கும். ஆனால் கற்பனைக் கிருமி, உப்புக்குப் பயந்ததாகவே இருக்கட்டும். எனக்கு வருத்தம் அலையைப் பற்றி. சுனாமி என்றாலே மலைபோல எழுந்து சுருண்டு விழுவதாகச் சினிமா காட்டுகிறது. 2004 டிசம்பர் 26-இல் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் இருந்தவர்களைக் கேளுங்கள். கடல் பொங்கி, நிற்காமல் உள்ளே நடந்து வந்தது என்பார்கள். பினாங்கில்தான் நம் நாட்டில் அதிகம் பேர் இறந்தார்கள்.

கதை எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்றும் அதில் உண்டு. நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 8.58-க்கு. சுமார் 2,000 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னைக்கு இரண்டரை மணி நேரத்தில் அலை போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் பினாங்குக்கோ மதியம் ஒரு மணிவாக்கில்தான் வந்தது. காரணம், அது சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தது. ஆழ்கடலில் சுனாமி விமான வேகத்தில் ஓடும். ஐம்பது மீட்டர் ஆழமுள்ள நீரிணையில் மணிக்கு 80 கி.மீ.தான். அந்த நான்கு மணி நேரத்தை வைத்து எவ்வளவு நல்ல கதை எழுதியிருக்கலாம்! படம் எடுத்தவர்கள் தண்ணீரின் உயரத்தை மட்டும் பார்த்தார்கள்.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ நடக்கும் கதை எழுதுகிறேன். எங்கே மாட்டிக்கொள்வேன்?

முதலில் கடிகாரத்தில். 'மாலை ஆறு மணி, இருள் கவிந்தது' என்று எழுதினால் நீங்கள் தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்து எழுதுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். பினாங்கில் சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டி, சில மாதங்களில் ஏழு நாற்பதுக்குக்கூட. காலை ஆறு மணிக்குக் கும்மிருட்டு. உச்சி வெயில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றே காலுக்கு. நம் கடிகாரம் நம் இடத்துக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது.

காலப்பயணக் கதை என்றால் இன்னும் கவனம். 1982 ஜனவரி 1-இல்தான் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம். அதற்கு முன் இந்தியாவுக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம், இப்போது இரண்டரை. உங்கள் நாயகன் 1975-க்குப் போய் இறங்கினால் கைக்கடிகாரம் அரை மணி தப்பாகக் காட்டவேண்டும். ஜப்பானியர் ஆட்சிக்குள் போனால் அங்கே டோக்கியோ நேரம். சூரியன் மறைய எட்டு மணியைத் தாண்டும். ஒருவரும் இதைப் பயன்படுத்தி நான் படித்ததில்லை. தான் எந்த ஆண்டில் இருக்கிறோம் என்பதைச் சூரியனையும் சுவர்க்கடிகாரத்தையும் வைத்தே நாயகன் கண்டுபிடிக்கலாம், இலவசமாகத் தருகிறேன்.

அடுத்தது வானம். நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே இருப்பதால் மாலைப் பிறை பெரும்பாலும் படகுபோல மல்லாந்து கிடக்கும். அட்டைப்படத்தில் பிறையை நிமிர்த்தி வைப்பது ஐரோப்பியப் பழக்கம். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தான் என்றும் எழுதாதீர்கள். இங்கே அது அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு மேகத்துக்குள் கிடக்கும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் மதியம் 1.20 வாக்கில் விளக்குக் கம்பத்துக்கு நிழலே விழாது. வேற்றுகிரகவாசி நிழலை வைத்து வேடம் கலைகிற காட்சிக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பிறகு என் வயிற்றுப்பிழைப்பு சம்பந்தப்பட்டது. 1972-லிருந்து பாயான் லெப்பாஸில் சில்லு (சிப்) வேலை நடக்கிறது. ஆகவே 'பினாங்கு விஞ்ஞானி' கதைகளில் சில்லு வராமல் இருக்காது. நாயகன் அதை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எங்கள் லைனில் அப்படிச் செய்தால் சூப்பர்வைசர் கையையே பார்ப்பார். ஸ்மாக் என்கிற மேலங்கி போட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கையில் மாட்டி, அது சரியாக இருக்கிறதா என்று வாசலில் உள்ள கருவியில் சோதித்துப் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட் வந்தால்தான் நமக்குச் சுரீரென்று தெரியும். சில பாகங்களுக்கு 100 வோல்ட் போதும், கதை முடிந்தது. உடனே செத்தால்கூடப் பரவாயில்லை. பாதி அடிபட்டு, சோதனையில் தப்பித்து, மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளரிடம் போய்ச் சாவதுதான் தலைவலி. உலகைக் காக்கும் சில்லுக்கு அது நடந்தால் நல்ல கதை.

பனி எல்லாம் உருகினால் உலகமே மூழ்கிவிடுமா?

'வாட்டர்வேர்ல்ட்' (1995) அப்படித்தான் சொன்னது. உலகின் பனி மொத்தமும் உருகினால் கடல் ஏறுவது சுமார் 70 மீட்டர். ஜோர்ஜ்டவுன் போய்விடும், மறுப்பில்லை. பினாங்கின் கொடிமலை 833 மீட்டர். அதன் உச்சியில் இருப்பவர்களுக்குக் கடற்கரை கொஞ்சம் பக்கத்தில் வரும்.

எழுத்தாளர் தெரிந்தே செய்த தவறு என்றால்?

'த மார்ஷியன்' நல்ல உதாரணம். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எவ்வளவு பெரிய புயலும் அங்கே ராக்கெட்டைச் சாய்க்காது, சட்டையைக்கூடச் சரியாகப் படபடக்க வைக்காது. அதை எழுதிய ஆண்டி வீர் இது தனக்குத் தெரியும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நாயகனைத் தனியே விட்டுவர ஒரு புயல் தேவைப்பட்டது. ஒரு கதைக்கு ஒரு பொய் என்றால் எனக்குச் சம்மதம், மிச்சத்தைச் சரியாகச் செய்தால். அவர் உருளைக்கிழங்குக் கணக்கு வரை போட்டார்.

எச்.ஜி. வெல்ஸின் மறையும் மனிதனும் (1897) இந்த வகைதான். விழித்திரையும் கண்ணாடிபோல ஆகிவிட்டால் ஒளி அதில் நிற்காது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது, குருடனாகிவிடுவான். அதைச் சரிசெய்தால் கதையே இல்லை. விட்டுவிடுவோம்.

பிழையைச் சொன்னால் எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்களா?

லேரி நிவனைப் பாருங்கள். 'ரிங்வேர்ல்ட்' (1970) முதல் பதிப்பில், பிறந்தநாளை நீட்டிக்கொள்ள நாயகன் பூமியைச் சுற்றித் தாவுவது தப்பான திசையில். கிழக்கே போனால் நாள் குறையுமே தவிர நீளாது. மறுபதிப்பில் திருத்தினார். தப்பான முதல் பதிப்பைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஒரு விண்மீனைச் சுற்றி வளையமாகக் கட்டிய அந்த உலகம் ஓரிடத்தில் நிற்காது, நகர்ந்துபோய் மோதும் என்று 1971 உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் நடைக்கூடத்தில் கோஷமே போட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. அடுத்த பாகத்தில் வளையத்தின் விளிம்பில் உந்துபொறிகளைப் பொருத்திவிட்டார்.

நம்மூரில் எழுதுகிறவரிடம் சொல்வதானால் ஒரு முறை: முதலில் பிடித்ததைச் சொல்லுங்கள், பிறகு பக்க எண்ணோடு ஒரே ஒரு பிழை. கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லவேண்டாம், அண்ணே. தனியாகச் சொல்லுங்கள்.

தியேட்டரில் பக்கத்தில் இருப்பவரிடம் அப்போதே சொல்லலாமா?

கூடாது. இடைவேளை வரை பொறுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் இங்கே பெரும்பாலும் 'இடைவேளை' என்று திரையில் எழுத்து வரும், அடுத்த நொடி படம் தொடரும். கார் நிறுத்துமிடம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.